மலைப்பாதைக் காருக்கு த்ராட்டில் சென்சார் செட்டிங்: முழுமையான வழிகாட்டி

குன்னூரில் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "மேட்டுப்பாளையம் வரைக்கும் நல்லா ஓடுதுங்க. கல்லாறு தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சா இழுக்க மாட்டேங்குது. டிபிஎஸ்ஸைக் கொஞ்சம் திருப்பி வெச்சா பிக்கப் வருமாமே, வெச்சுத் தர்றீங்களா?"

வராது. டிபிஎஸ் என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சார், இன்ஜினுக்குப் புதிதாக எந்தப் பலத்தையும் சேர்க்காது. ஆனால் அது தப்பான இடத்தில் நின்றால், இருக்கிற பலமும் ஒழுங்காக வெளியே வராது. அதைவிடப் பெரிய கெடுதல் இறக்கத்தில். கால் எடுத்த பிறகும் இன்ஜின் வண்டியை முழுசாகப் பிடிக்காது. நம் மலையில் எல்லோரும் ஏற்றத்தை நினைத்துத்தான் இந்த சென்சாரைத் தொடுகிறார்கள். நான் இதைச் சரியாக வைக்கச் சொல்வது இறக்கத்துக்காக.

நான் மெக்கானிக் இல்லை. தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன். மோட்டார், ஹீட்டர், பேனல் என்று மீட்டரோடு பொழுது போகிற வேலை. என் காரும் அக்கம்பக்கத்துக் கார்களும்தான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தன. இங்கே சொல்வதெல்லாம் 2000-ஐ ஒட்டி வரத் தொடங்கிய, ஆக்ஸிலேட்டர் கேபிள் உள்ள எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும்) பெட்ரோல் கார்களுக்கு.

என் வண்டிக்கு நடந்தது

சில வருஷம் முன்பு சர்வீசுக்காகக் கீழே சமவெளியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். மலை வண்டி என்று தெரிந்ததும், "ஹில் செட்டிங் போட்டுத் தர்றேன் சார்" என்று சென்சாரைத் திருப்பி வைத்துக் கொடுத்தார்கள். திரும்பி ஏறி வரும்போது ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலே துள்ளுகிற மாதிரி இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

அடுத்த வாரம் குடும்பத்தோடு கீழே இறங்கினோம். இரண்டாவது கியர், ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தாச்சு. வண்டி அடங்கவே இல்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் வேகம் ஏறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. பர்லியார் வருவதற்குள் பிரேக் கருகும் வாடை வண்டிக்குள் வந்துவிட்டது, பெடலும் மெத்தை மாதிரி அமுங்கியது. ஓரம் கட்டி, சக்கரம் ஆறும் வரை அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பின் சீட்டில் என் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று ராத்திரி மீட்டரை வைத்துப் பார்த்தேன். பெடலைத் தொடாத நிலையில் சென்சாரின் சிக்னல் 0.86 வோல்ட். என் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் போட்டிருந்தது 0.5.

சென்சார் என்ன சொல்கிறது

த்ராட்டில் பாடிக்குள் பட்டர்ஃபிளை என்ற வட்டத் தகடு ஒன்று உண்டு. நீங்கள் பெடலை மிதித்தால் கேபிள் அதைத் திருப்பும், காற்று உள்ளே போகும். அந்தத் தகடு மாட்டியிருக்கும் தண்டின் ஒரு முனையில் கேபிள், மறு முனையில் நம் சென்சார். உள்ளே பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல் மாதிரிதான். கரித் தடம் ஒன்று, அதன் மேல் ஊர்ந்து போகிற உலோக நாக்கு ஒன்று. இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூவிலிருந்து 5 வோல்ட் ஒரு ஒயரில் வரும், இன்னொன்று கிரவுண்ட், மூன்றாவது சிக்னல். தகடு மூடியிருந்தால் சிக்னலில் ஏறக்குறைய அரை வோல்ட், முழுக்கத் திறந்தால் 4-லிருந்து 4.5 வோல்ட் வரை.

ஏன் பூஜ்ஜியத்தில் தொடங்கி 5-இல் முடியக்கூடாது என்று கேட்கலாம். பல வண்டிகளில் ஒயர் அறுந்தால் பூஜ்ஜியம் வரும், 5 வோல்ட்டோடு ஒட்டிக்கொண்டால் 5 வரும். இரண்டு ஓரத்திலும் இடம் விட்டு வைத்தால்தான் இது கோளாறு, இது நிஜமான அளவு என்று ஈசியூவால் பிரித்தறிய முடியும். சிக்னல் ரொம்பக் கீழே போனால் பி 0122, ரொம்ப மேலே போனால் பி 0123 என்று ஈசியூவில் எரர் கோட் விழுவது இதனால்தான்.

இந்த வோல்ட்டை வைத்து ஈசியூ பல முடிவுகளை எடுக்கிறது. கால் எடுத்தாயிற்றா, ஐட்லிங்கை (மிதிக்காதபோது இன்ஜின் ஓடுகிற வேகத்தை) நானே கவனிக்க வேண்டுமா? சட்டென்று மிதித்தாரா, ஒரு கணம் கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டுமா? முழுக்க மிதித்தாரா, பெட்ரோலைக் கூட்ட வேண்டுமா? சில வண்டிகளில் முழு மிதியில் ஏசி கம்ப்ரசரை நிறுத்துவதும் இந்த சிக்னலைப் பார்த்துத்தான்.

மலைக்காரர்களுக்கு முக்கியமான முடிவு இன்னொன்று. தகடு முழுக்க மூடியிருந்து, இன்ஜின் சுற்று நிமிஷத்துக்குச் சுமார் 1,500-க்கு மேல் இருந்தால் (வண்டிக்கு வண்டி மாறும்), ஈசியூ இன்ஜெக்டரையே நிறுத்திவிடும். ஒரு துளி பெட்ரோல் போகாது. சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது, இன்ஜின் சக்கரத்தைப் பிடிக்கிறது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் போகச் சொல்லி மலைப்பாதையில் பலகை வைத்திருக்கிறார்களே, அந்த இரண்டாவது கியர் முழுப் பலனையும் கொடுப்பது இப்போதுதான். சென்சார் 0.86 என்று சொன்னால் ஈசியூவைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் லேசாக மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பெட்ரோலை நிறுத்தாது. நீங்கள் கால் எடுத்த பிறகும் இன்ஜின் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

குளிர்காலக் காலைக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது பெடல் முழுக்க அமுங்கியிருந்தால், பிளக் நனைந்துவிட்டது, காய வைக்கிறார் என்று எண்ணிப் பல ஈசியூக்கள் பெட்ரோலை நிறுத்திவிடும். சென்சார் கெட்டு எப்போதும் 4 வோல்ட் காட்டிக்கொண்டிருந்தால், ஊட்டியில் உறைபனி விழுகிற ஜனவரிக் காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் வண்டி எழுந்திருக்காது.

உயரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்

ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் சுமார் 77, 78 கிலோபாஸ்கல்தான். கடல் மட்டத்தில் 101. ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக ஏன் நேரமாகிறதோ அதே காரணத்தால்தான் இன்ஜினும் திணறுகிறது. 300 மீட்டர் ஏறினால் 3 சதவீதம் பலம் குறையும் என்பது டர்போ இல்லாத இன்ஜினுக்கு உள்ள பொதுக் கணக்கு. ஊட்டிக்கு வந்து சேரும்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். எந்த சென்சாரைத் திருப்பினாலும் அது திரும்பி வராது. காற்று குறைவதற்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைக்கிற வேலையை, காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் பார்த்துக்கொள்கிறது. டிபிஎஸ் அளப்பது கோணத்தை மட்டும். மேட்டுப்பாளையத்தில் 0.5 என்றால் தொட்டபெட்டாவிலும் 0.5தான். ஆகவே "ஹில் செட்டிங்" என்று தனியாக ஒன்று கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உயரமும் டிபிஎஸ்ஸும் சந்திக்கின்றன. வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தெரிந்துகொள்ள, சில வண்டிகளின் ஈசியூ மேப் சென்சாரை இரண்டு சமயங்களில் மட்டும் பார்க்கும். சாவி போட்டு இன்ஜின் ஓடாத நேரத்தில் ஒரு முறை, பிறகு டிபிஎஸ் "முழுக்கத் திறந்திருக்கிறது" என்று சொல்கிற நேரத்தில். முழு மிதியிலும் டிபிஎஸ் அந்த அளவை எட்டவில்லை என்றால், மேட்டுப்பாளையத்துக் காற்றுக் கணக்கிலேயே ஊட்டி வரை ஓடும். பாதி வழியில் வண்டியை அணைத்து ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி எடுத்தால் நன்றாக இழுக்கிறது என்று டிரைவர்கள் சொல்வதில், சில வண்டிகளைப் பொறுத்தவரை இந்த உண்மை இருக்கிறது.

எந்த வண்டியில் இதைச் செய்யக்கூடாது

ஆக்ஸிலேட்டர் கேபிளே இல்லாத புது வண்டி என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் மோட்டார்தான் தகட்டைத் திருப்புகிறது. இரண்டு சென்சார் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டிருக்கும். திருப்புவதற்கு இடமே இருக்காது. கழற்றினால் பி 2135 மாதிரி எரர் கோட் விழுந்து வண்டி ஊர்ந்து போகும். அதற்குச் சுத்தம் செய்வதும், ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் போடுவதும்தான் (ஐட்லிங் அளவை ஈசியூவுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது) வைத்தியம். இன்றைய டீசல் ஜீப்புகளுக்கும் பிக்கப்புகளுக்கும் ஆக்ஸிலேட்டர் பெடலிலேயே சென்சார் இருக்கும். அது வேறு கதை.

கேபிள் உள்ள வண்டியிலும் சென்சாரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளின் துளையைப் பாருங்கள். வளைந்து நீண்ட துளை என்றால் திருப்பலாம். வட்டத் துளை என்றால் திருப்பும்படி செய்யவில்லை. சிலர் துளையை அரம் போட்டு நீட்டுகிறார்கள். வேண்டாம். அப்படிப்பட்ட வண்டிகளில் பலவற்றில், சாவி போட்டதும் தான் கண்ட மிகக் குறைந்த வோல்ட்டையே "மூடிய நிலை" என்று ஈசியூ எடுத்துக்கொள்ளும். நீங்கள் அரம் போட்ட உழைப்பு முழுக்க வீண்.

கைக்கு என்ன வேண்டும்

டிஜிட்டல் மல்டிமீட்டர். முடிந்தால் முள் ஆடுகிற பழைய அனலாக் மீட்டரும் ஒன்று. இரண்டு மெல்லிய தையல் ஊசி, ஸ்க்ரூ டிரைவர் அல்லது அந்தத் திருகுக்கான டார்க்ஸ் பிட், த்ராட்டில் பாடி கிளீனர் ஸ்ப்ரே, பனியன் வேஸ்ட், கொஞ்சம் நெயில் பாலிஷ். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் அந்த ஒரு பக்கம். கூடவே காருக்குள் உட்கார்ந்து பெடல் மிதிக்க ஓர் ஆள்.

சமதளம் வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். நீலகிரியில் வீட்டு வாசலில் சமதளம் யாருக்கு இருக்கிறது? ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, இரண்டு பின் சக்கரங்களுக்கும் பள்ளத்துப் பக்கம் நல்ல கல்லாக முட்டுக் கொடுங்கள். செங்கல் வேண்டாம், உடையும். இதில் அலட்சியம் கூடாது.

சென்சாருக்கு முன்னால்

சென்சாரைத் தொடுவதற்கு முன் மற்ற எல்லாம் சரியா என்று பார்க்க வேண்டும். பாதிக் கார்களில் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி த்ராட்டில் பாடிக்குள் எட்டிப் பாருங்கள். தகட்டின் ஓரம் முழுக்கக் கறுப்புப் பிசுக்கு அப்பியிருக்கும். பெரும்பாலான சிக்கலுக்கு ஆரம்பமே இதுதான். பிசுக்கு சேரச் சேர, மூடிய தகட்டைச் சுற்றிப் போகிற காற்று குறையும். ஐட்லிங் இறங்கி வண்டி டிராஃபிக் சிக்னலில் அணைந்துபோகும். யாராவது ஒருவர், சுத்தம் செய்வதற்குப் பதில், தகடு மூடும்போது முட்டி நிற்கிற ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐட்லிங்கைக் கூட்டிவிடுவார். தகடு லேசாகத் திறக்கும், டிபிஎஸ் வோல்ட்டும் ஏறும். அடுத்தவர் வந்து, வோல்ட் ஏறியிருக்கிறதே என்று டிபிஎஸ்ஸைத் திருப்புவார். இரண்டு வருஷத்தில் வண்டியில் எதுவுமே அதன் இடத்தில் இருக்காது. ஸ்டாப் ஸ்க்ரூ கம்பெனியில் வைத்து, பெயின்ட் போட்டு மூடிய திருகு. அதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே யாரோ தொட்ட தடம் இருந்தால், மேனுவலைப் பார்த்து அதை முதலில் சரிசெய்ய வேண்டும், டிபிஎஸ் அப்புறம்தான்.

கிளீனரை நேராகப் பீய்ச்சாமல், துணியில் அடித்துத் துடையுங்கள். தண்டின் ஓரம் வழியாகச் சென்சாருக்குள் இறங்கினால் கரித் தடம் கெடும்.

அடுத்தது கேபிள். மூடிய நிலையில் அது லேசாகத் தொய்ந்திருக்க வேண்டும். முறுக்காக இருந்தால் தகடு முழுக்க மூடாது. அதிகமாகத் தொய்ந்தாலோ பெடலைத் தரையோடு மிதித்தும் தகடு முழுக்கத் திறக்காது. ஏற்றத்தில் இழுக்காத வண்டிகளில் நான் கண்ட உண்மையான குற்றவாளி பெரும்பாலும் இதுதான். ஒருவர் குளிருக்காகக் காலடியில் தடிமனான மேட் ஒன்றின் மேல் இன்னொன்று போட்டிருந்தார். பெடல் முழுக்க இறங்கவே வழியில்லை. மேல் மேட்டை எடுத்துப் போட்டதும் வண்டிக்கு இழுவை வந்தது. அதற்கு முன்பு அவர் பிளக், பெட்ரோல் பம்ப் என்று எவ்வளவோ செலவு செய்திருந்தார்.

வேக்வம் குழாய்களில் வெடிப்பு, எலி கடித்த ஒயர் இரண்டையும் பாருங்கள். மழைக் காலத்தில் சூடான இன்ஜினுக்குள் எலி வந்து படுப்பது இங்கே சாதாரணம். கனெக்டரைக் கழற்றி உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அக்டோபர், நவம்பர் மழை முடிந்ததும் குன்னூர், கோத்தகிரி வண்டிகளிலும், ஜூன் முதல் பெய்கிற மழைக்குப் பிறகு கூடலூர், நடுவட்டம் வண்டிகளிலும் இது நிறைய. கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைத்து மாட்டினாலே சில கார்கள் சரியாகிவிடுகின்றன.

அளப்பது

இன்ஜின் ஆறியிருக்கட்டும். கனெக்டர் மாட்டியபடியே இருக்க, அதன் பின்பக்கம் ஒயர் நுழைகிற ரப்பர் வழியாக ஊசியை மெதுவாக நுழையுங்கள். ஒயரின் தோலைக் குத்தாதீர்கள். ஊசி போன ஓட்டை வழியாகப் பனியும் ஈரமும் புகுந்து ஒரு வருஷத்தில் செம்பு கறுத்துப்போகும்.

சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். மூன்று ஒயரில் ஒன்றில் 5 வோல்ட்டுக்கு ஒட்டி வரும். ஒன்றில் ஏறக்குறைய பூஜ்ஜியம். அந்தக் கிரவுண்டில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சென்சாரை விட்டுவிட்டு கிரவுண்ட் ஒயரைத் தேடுங்கள். எவ்வளவு திருப்பினாலும் அளவு நிற்காது. தகட்டைத் திருப்பும்போது எதில் வோல்ட் மாறுகிறதோ அது சிக்னல். இனிமேல் கறுப்பு முனையைச் சென்சாரின் கிரவுண்ட் ஒயருக்கே மாற்றிவிடுங்கள், அளவு துல்லியமாக இருக்கும்.

மூன்று எண்களைத் தாளில் எழுதுங்கள். 5 வோல்ட் ஒயரில் உண்மையில் எவ்வளவு, தகடு மூடியபோது எவ்வளவு, திறந்தபோது எவ்வளவு. திறந்த அளவை இரண்டு முறை எடுக்க வேண்டும். முதலில் உள்ளே இருப்பவர் பெடலை முழுக்க மிதிக்கட்டும். அடுத்து நீங்களே கையால் த்ராட்டில் லீவரை முட்டும் வரை திருப்புங்கள். கையால் 4.3, பெடலில் 3.6 என்று வந்தால் குறை கேபிளிலோ மேட்டிலோதான். டிபிஎஸ் தப்பு செய்யவில்லை.

இப்போது அந்த முள் மீட்டர். இதை ஒரு முறை அருகில் நின்று பார்த்தால் மறக்காது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் காரைக் கொண்டு வந்தான், வளைவு திரும்பி ஏற்றம் பிடிக்கும்போது மட்டும் ஒரு வெட்டு வெட்டும் என்று. டிஜிட்டல் மீட்டரில் மூடியது 0.52, திறந்தது 4.28. குறையே இல்லை. ஃபேக்டரியில் ஓரங்கட்டிய முள் மீட்டரை எடுத்து வந்து மாட்டினேன்.

"தம்பி, மெதுவா மிதி. முட்டை மேல கால் வெக்கிற மாதிரி."

முள் சீராக ஏறியது. ஒரு வோல்ட் தாண்டியது. 1.2 வந்ததும் சட்டென்று அடியில் விழுந்து, கண் சிமிட்டுவதற்குள் மறுபடி எழுந்து தன் வழியில் போனது.

"அண்ணா, மறுபடி மிதிக்கட்டுமா?"

மறுபடி மிதித்தான். அதே 1.2-இல் அதே வீழ்ச்சி. தினமும் இரண்டாவது கியரில் கால்வாசி மிதியில் அதே ஏற்றத்தை ஏறி ஏறி, கரித் தடம் அந்த ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து போயிருந்தது. டிஜிட்டல் மீட்டர் ஒரு நொடியில் சில தடவைதான் எண்ணை மாற்றும், அவ்வளவு வேகமான வீழ்ச்சி அதன் கண்ணில் படாது. இப்படி முள் விழுந்தால் எந்த செட்டிங்கும் உதவாது. சென்சாரை மாற்ற வேண்டும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கிற வண்டி என்றால், விலை மலிவான புளூடூத் ஸ்கேனரில் த்ராட்டில் சதவீதத்தைப் பார்க்கலாம். உதவியாக இருக்கும். ஆனால் இந்த மாதிரி நொடிநேர வெட்டை அதுவும் பெரும்பாலும் தவறவிடும்.

திருப்புவது

தேய்மானம் இல்லை, தகடு சுத்தம், கேபிள் சரி, அப்படியும் மூடிய அளவு மேனுவலில் உள்ளதிலிருந்து விலகியிருக்கிறது என்றால் மட்டும் திருப்புங்கள்.

முதலில் சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் குறுக்காக நெயில் பாலிஷால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். எது எப்படிப் போனாலும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம். இரண்டு திருகையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். சென்சார் கையால் அசைய வேண்டும், தொளதொளவென்று ஆடக்கூடாது. பழைய வண்டியில் திருகு இறுகிப் போயிருந்தால் துருநீக்கி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். அது மெல்லிய அலுமினியத்தில் இறங்கிய திருகு, தலை வழுக்கினால் த்ராட்டில் பாடியையே கழற்ற வேண்டி வரும்.

மேனுவலில் 0.5 என்று இருந்து, உங்கள் 5 வோல்ட் ஒயரில் 4.9 தான் வருகிறது என்றால் இலக்கு 0.49. ஈசியூ பார்ப்பது விகிதத்தை. மேனுவல் 0.45-லிருந்து 0.55 வரை என்று எல்லை கொடுத்திருந்தால் நடுவில் வையுங்கள். சில கம்பெனி வண்டிகளில் மூடிய அளவே 0.8, 0.9 என்று இருக்கும். அதனால்தான் 0.5 என்று யாரோ சொன்னதைக் கேட்டு எல்லா வண்டியிலும் வைக்கக்கூடாது.

ஒரு முடி அளவு திருப்பினாலே எண் ஓடும். வந்ததும் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கும்போது எண் 0.02, 0.03 நகரும். எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால், அடுத்த முறை அதற்கு ஈடாக முன்கூட்டியே தள்ளி வைக்கலாம். நானே மூன்று, நான்கு தடவை தளர்த்தி இறுக்கித்தான் கொண்டுவருகிறேன். அவசரப்பட்டு, பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இறுக்கியபின் லீவரைக் கையால் திறந்து படக்கென்று விடுங்கள், ஐந்தாறு முறை. ஒவ்வொரு முறையும் எண் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு முறை 0.50, அடுத்த முறை 0.58 என்றால் தகடு ஒட்டுகிறது, அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

சில வண்டிகளில் நாலாவது ஒயர் இருக்கும். அது ஐடில் சுவிட்சுக்கானது, தகடு மூடியிருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். அதற்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வேண்டும். ஸ்டாப் ஸ்க்ரூவுக்கும் லீவருக்கும் நடுவே மெல்லிய கேஜை வைத்தால் சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும், தடித்த கேஜை வைத்தால் ஆஃப் ஆக வேண்டும். எத்தனை மி.மீ. என்பது மேனுவலில் இருக்கும்.

ஈசியூவுக்குப் புதுக் கணக்கு

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி பத்து, பதினைந்து நிமிஷம் விடுங்கள். ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் (கோட்) இருந்தால் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியபின் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும் வரை ஐட்லிங்கில் விடுங்கள். நம் ஊர்க் குளிருக்கு இது ரொம்ப நேரம் எடுக்கும். பிறகு ஹெட்லைட், ஏசி இருந்தால் ஏசி, ஒவ்வொன்றாகப் போட்டு ஐட்லிங் தாழ்ந்து மீள்கிறதா பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம், பழகிக்கொள்ளும். இரண்டு நாளுக்குப் பிறகும் ஆடிக்கொண்டே இருந்தால் ஐட்லிங்குக்குக் காற்று விடுகிற ஐடில் வால்வில் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஏற்றத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். வளைவு முடிந்து மெதுவாக மிதிக்கும்போது வெட்டில்லாமல், தயக்கமில்லாமல் ஏற வேண்டும். மூடிய வோல்ட் தேவைக்குக் கீழே இருந்தால், மிதியின் முதல் பகுதியில் ஈசியூ "இன்னும் மூடித்தான் இருக்கிறது" என்று எண்ணிக்கொண்டிருக்கும்; சிறு மூச்சடைப்பு மாதிரித் தெரியும்.

இறக்கத்துக்குத்தான் நேரம் ஒதுக்குங்கள். முதல் முறையே கல்லட்டிக்குப் போகாதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு உள்ள அந்தப் பாதை, சரியாக இருக்கிற வண்டிக்கே சோதனை. வண்டி நெரிசல் இல்லாத காலையில், நீளமான மிதமான இறக்கமாகப் பாருங்கள். பிரேக் நன்றாக வேலை செய்கிறது என்று முதலில் உறுதி செய்துகொண்டு, இரண்டாவது கியரில், சுற்று 2,500 அளவில் இருக்கும்போது காலை முழுக்க எடுங்கள். ஒரு நொடிக்குள் வண்டி முன்பக்கம் லேசாகத் தலை குனிகிற மாதிரி பிடிக்க வேண்டும். வேகம் குறைந்து சுற்று 1,200-ஐ நெருங்கும்போது அந்தப் பிடி மெல்லத் தளரும். பெட்ரோல் மறுபடி வரத் தொடங்குவதுதான் அது. ஸ்கேனர் இருந்தால், பக்கத்தில் உட்காருபவர் இன்ஜெக்டர் நேரத்தைப் பார்க்கட்டும். பல வண்டிகளில் கால் எடுத்த மறுகணம் அது பூஜ்ஜியத்துக்குப் போவது தெரியும்.

பிடி வரவில்லை என்றால் திரும்பி வந்து மூடிய அளவை மறுபடி எடுங்கள். இன்ஜின் சூடானதும் எண் ஏறியிருந்தால் கேபிள் முறுக்காக இருக்கிறது, அல்லது தகடு ஓரத்தில் உரசுகிறது.

என் வண்டியில் 0.50 வைத்து அதே பாதையில் இறங்கியபோது, குன்னூரிலிருந்து பர்லியார் வரை பிரேக்கை வளைவுகளில் மட்டும் லேசாகத் தொட்டேன். இறங்கியதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கை வைத்துப் பார்த்தேன், சூடு மிதமாகத்தான் இருந்தது. அம்மா பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்று எண்களையும் தேதியோடு எழுதி, பானட்டின் உள்பக்கம் டேப்பில் ஒட்டி வையுங்கள். ஒரு மாதம் கழித்து நெயில் பாலிஷால் போட்ட கோட்டை வைத்து சென்சார் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு தடவை மீட்டரை வைத்து அளந்து, அதே தாளில் அடுத்த வரியில் எழுதுங்கள். அடுத்த முறை வண்டியை எங்காவது சர்வீசுக்கு விடும்போது அந்தத் தாளைக் காட்டி, டிபிஎஸ்ஸைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.